கல்லுக்குப் பதில் நின்றவர்

மாணிக்கவேலால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சோற்றுத் தட்டின் முன்னால்கூட ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்திட்டு, எழுந்து ஓடத் தயாராகத்தான் உட்காருவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் என்று ஆரணியில் அந்தத் தெரு முழுக்கப் பேர். இருபத்தைந்து வயதில் அப்பாவின் தறிக்குழியில் இறங்கினார். மூன்றாம் மாதமே ஏறி வந்துவிட்டார். கை நன்றாகத்தான் ஓடியது, கால்தான் நிற்கவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பிறகு களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் லோடு மேஸ்திரி வேலை. லாரிக்கு லாரி தாவுவது, மூட்டை ஏற்றுபவர்களை விரட்டுவது, தூங்கும் டிரைவரைத் தட்டி எழுப்புவது. அவருக்கென்றே செய்துவைத்த வேலை. முப்பத்தைந்து வருடம் ஓடினார். அறுபது வயதில் சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலைதான் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் களம்பூர் பஸ் ஏறுவார். ஆலை வாசலில் ஒரு டீ, பழைய ஆட்களோடு ஊர்க்கதை, இப்போதைய மேஸ்திரிக்கு லோடு கட்டத் தெரியவில்லை என்று ஒரு குறை. மனைவி ஆதிலட்சுமி எங்கே என்று கேட்டால் "வேலையா போறேன்" என்பார். அவளும் அதற்குமேல் கேட்க மாட்டாள்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் அப்படி வேலையாகப் போயிருந்த நேரத்தில், பின்கட்டுப் படியில் ஆதிலட்சுமி விழுந்தாள். பழைய நெசவாளர் வீடு அது; ரயில் பெட்டி மாதிரி நீளம். கக்கூஸ் கடைக்கோடியில், இரண்டு படி இறங்கிப் போகவேண்டும். இடது முழங்கால் படிக்கல்லில் மோதியது. கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மாணிக்கவேல் வந்து பார்த்தபோது முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அழக்கூட இல்லை. அதுதான் அவரை அறுத்தது.

எலும்பு சேர்ந்தது. கால் பழையபடி ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். பின்படியில் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் அவர் கூடவே போய் நிற்பார். அவளுக்கு அது வெட்கம். அவருக்கு அது தண்டனை.

களம்பூர் சாலையில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. சின்ன வீடுதான். ஆனால் வாசலிலிருந்து சமையலறைவரை ஒரே சமதளம், கக்கூஸ் படுக்கையறைக்கு உள்ளேயே. ஆதிலட்சுமி போய்ப் பார்த்தாள். சுவரைத் தொடாமல் நாலு எட்டு வைத்தாள். திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். தை மாதத்துக்குப்பிறகு அந்தச் சிரிப்பை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், "ஆனி கடைசிவரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன், ஆடி பொறந்தா வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவேன்" என்றார். இந்த வீட்டை விற்றால்தான் அந்த வீடு. வைகாசி பாதி போய்விட்டது.

தரகர் அருள்மணி இரண்டு பேரை அழைத்து வந்தார். முதல் ஆள் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது ஆள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா அருள்மணி, உள்ளாற வந்துகூட பாக்கலியே?"

"எப்டிண்ணா வருவான்? மூஞ்சி பாத்துதானே பொண்ணு பாக்க உள்ள போறான். உங்க வூடு மூஞ்சில அழுதுகினு கீது. போட்டோ எடுத்து அனுப்பிகினே இருக்கேன், ஒருத்தனும் திரும்பக் கூப்பட மாட்றான்."

அருள்மணி தன் போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார். மாணிக்கவேலுக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. காரை உதிர்ந்த சுவர், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, வாசலில் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த ஒரு கல் தூண். இத்தனை வருடம் இதற்குள்ளிருந்துதானா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டோம் என்று கூசியது. அன்று சாயங்காலமே பெயின்ட் கடைக்குப் போய்விட்டார்.

பொறுமையாகச் செய்திருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். நம்மாள் பொறுமைக்கு எங்கே போவார்? பட்டி பார்த்த சுவரைக் காயக்கூட விடாமல் மாம்பழ மஞ்சள் அடித்தார். மறுநாள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஸ்கூல் பஸ் மாதிரி இருந்தது. அதன்மேல் கத்தரிப்பூ நிறம் அடித்தார். மஞ்சள் அடியிலிருந்து எட்டிப் பார்த்ததில் சுவருக்குக் காமாலை வந்துவிட்டது. மூன்றாவதாக இளம்பச்சை. பெயின்டர் இரண்டாம் நாளோடு கும்பிடு போட்டுவிட்டதால் ஏணியில் ஏறித் தானே அடித்தார். ஒரு சுவர் முடியும்முன் இன்னொரு சுவருக்குத் தாவினார்.

"பச்சோந்திக்கு வாக்கப்பட்ட மாரி கீது. காலைல எழுந்தா எந்த கலர் வூட்ல கீறோம்னே தெரியல" என்றாள் ஆதிலட்சுமி. நாற்காலியை வாசற்படிக்கு அருகே போட்டு உட்கார்ந்திருந்தாள். "செத்த ஒக்காருங்க. வூடு எங்கயும் ஓடிப் போவாது."

"ஆனி போயிடும்டி. ஆனி ஓடிகினுதானே கீது!"

ஆனி பிறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. அருள்மணி போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பார்ட்டி வருகிறது, கணவன் மனைவி இரண்டு பேரும் வருகிறார்கள், இது கெட்டியான பார்ட்டி என்றார். மாணிக்கவேலுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. கொத்தனார் ஜெயச்சந்திரனை இழுத்து வந்தார். வாசல் முன்னால் சிமெண்ட் போட்டு டைல்ஸ் பதிக்கவேண்டும், படியோரம் பளபளவென்று ஒரு ஸ்டீல் கைப்பிடி நடவேண்டும், எல்லாம் சனிக்கிழமைக்குள்.

ஜெயச்சந்திரன் வாசலை அளந்துவிட்டு, கல் தூணருகே நின்றார். "இது இன்னாண்ணா பண்றது? நடுவுல இருந்தா டைல்ஸு ஒயுங்கா வராது."

இங்கேதான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அது வெறும் கல் இல்லை, பாவு கட்டுகிற கல். புடவையின் நீளவாட்டு நூல் மொத்தத்துக்கும் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்குமுன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, நீவிக் காயவைப்பார்கள். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடவேண்டும். அந்தத் தெருவில் பாவின் ஒரு முனை பிள்ளையார் கோயில் பக்கத்துக் கல்லில். மறுமுனை மாணிக்கவேல் வீட்டு வாசல் கல்லில். கல் தெருவுக்குச் சொந்தம், காவல் அந்த வீட்டுக்கு. ஆயுத பூஜையன்று தெருவிலிருக்கிற அத்தனை வீட்டாரும் வந்து கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் வாழைப்பழமும் அந்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது வருடமாக அந்தப் பொரியைத் தின்று வளர்ந்தவர் மாணிக்கவேல்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவசரத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தது எதுவும் ஞாபகம் வராது. அவருக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது அருள்மணி போனில் பார்த்த கறுத்த தூண் மட்டும்தான். சின்ன வயதிலிருந்து அதில் எத்தனை தடவை முட்டி பெயர்ந்திருக்கிறது என்பதும்கூட.

"புடுங்கிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தெருவே தறியில் உட்கார்ந்திருந்த நேரம், ஜெயச்சந்திரன் கடப்பாரை போட்டார். கல் அத்தனை சுலபத்தில் வரவில்லை. வெளியே தெரிந்த அளவு மண்ணுக்குள்ளும் இருந்தது. கடைசியில் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, துணி துவைக்க ஆகுமென்று தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சனிக்கிழமை தெருவில் பாவு இல்லை. டைல்ஸ் பதிந்தது, கைப்பிடி நின்றது. பொழுது சாயும் நேரத்தில் மாணிக்கவேல் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். வீடு புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மனம் மட்டும் ஏனோ அடங்கவில்லை. ஏதோ ஒன்றை மறந்த மாதிரி வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

மறந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து நின்றது. நாலு வீடு தள்ளியிருக்கும் கன்னியம்மாளும் அவள் தம்பி அன்பழகனும் அரக்கு நிறப் பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முகூர்த்தப் புடவைக்கான பாவு. கோயில் பக்கம் ஒரு முனையைக் கட்டிவிட்டு, விரித்துக்கொண்டே வந்த கன்னியம்மாள் டைல்ஸின்மேல் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ண்ணா, கல்லு எங்க?"

மாணிக்கவேல் புது டைல்ஸைப் பார்த்தபடியே சொன்னார். "எடுத்துட்டேன்மா. வூடு பாக்க ஆளு வராங்க..."

"எடுத்துட்டியா?" அவளுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. "அந்தக் கல்லை எடுக்க உனுக்கு எப்டிண்ணா கை வந்துச்சு? ஆயுத பூஜை அன்னிக்கு எங்க வூட்டுப் பொரியை எந்தக் கையில வாங்குன?"

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கரண்டு கம்பத்தில் கட்டலாம் என்றார் ஒருவர். அது சாக்கடைப் பக்கம் இருந்தது, பாவு கோணிக்கொள்ளும். ஜன்னல் கம்பியில் கட்டலாம் என்றார் இன்னொருவர். அது தொட்டாலே கையோடு வரும், மேலே புதுப் பெயின்ட் மட்டும்தான். வெயிலோ ஏற ஆரம்பித்துவிட்டது. தன் தப்பைத் தானே சரிசெய்கிற வேகத்தில் மாணிக்கவேல் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார்.

"இதுல கட்டு. ஸ்டீலு. யானையே கட்டலாம்."

கன்னியம்மாள் நம்பாமல்தான் பார்த்தாள். வேறு வழி இல்லாமல் அன்பழகன் கயிற்றைக் கைப்பிடியில் சுற்றி இழுத்துக் கட்டினான். பாவு தெரு நீளத்துக்கு விறைத்து நின்றது. கஞ்சி தெளித்தார்கள். இழை முழுக்க நனைந்து பாதி தூரம் நீவியிருப்பார்கள். 'மடக்' என்று ஒரு சத்தம். முந்தின நாள் ஊற்றிய சிமெண்ட் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. கைப்பிடி வேரோடு சாய்ந்தது; கயிறு நழுவியது; ஈரப் பாவு அறுபது அடி நீளத்துக்கும் தொய்ந்து மண்ணை நோக்கி இறங்கியது. மண் பட்டால் அவ்வளவுதான். கஞ்சி ஈரத்தில் ஒட்டிய மணல் இழைக்கு இழை அறுத்துவிடும்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்றிருப்பார்கள். மாணிக்கவேல் ஐயோ என்பதற்குள் பாய்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் சரிகிற மூட்டையைப் பிடித்த கை அது. கயிற்றைப் பற்றி, இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, கல் பிடுங்கிய இடத்தில் காலை ஊன்றிப் பின்பக்கம் சாய்ந்தார். பாவு தரைக்கு ஒரு சாண் மேலே நின்று, மெல்ல எழும்பி, மறுபடி விறைத்தது.

"அசையாத!" என்று கத்தினாள் கன்னியம்மாள். "காயுற வரைக்கும் அசையக் கூடாது. ஒரு பக்கம் தளர்ந்தா இழை ஒட்டிக்கும். நீவிகினே வரோம், நீ மட்டும் அசையாத."

அன்பழகன் மாற்றிப் பிடிக்க வந்தால் நீவ ஆள் இல்லை. ஆகவே மாணிக்கவேல் நின்றார்.

முதல் ஐந்து நிமிடம் வீறாப்பில் போனது. பத்தாவது நிமிடம் வலது பாதம் துடித்தது. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது, விரட்ட முடியவில்லை. கால் தானாக எழுந்து ஓடப் பார்த்தது. பல்லைக் கடித்து அழுத்திக்கொண்டார். தெருவில் யாரோ சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மனிதன் கல்லுப் பிள்ளையாராக நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

தலையை மட்டும் இடப்பக்கம் திருப்ப முடிந்தது. அங்கே வாசல் திறந்திருந்தது. படியருகே நாற்காலியில் ஆதிலட்சுமி. அவளைத் தாண்டிக் கூடம், சமையற்கட்டு, நேர்கோட்டில் பின்கதவு, அதற்கப்பால் அந்த இரண்டு படி. வாசலில் நின்று பார்த்தால் படி இத்தனை தெளிவாகத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அங்கே கிடந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். அசையவேண்டும், அசைய முடியாது. இவருக்காவது சுற்றிலும் தெரு இருக்கிறது. அவளுக்கு ஒருவருமில்லை. அந்த எண்ணம் வந்ததும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. அழுகையா வியர்வையா என்று தெரியாதபடி அது பாட்டுக்கு வழிந்தது.

எட்டு மணி வாக்கில் அருள்மணி பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் இன்னொரு வண்டியில் ஒரு கணவனும் மனைவியும். தமிழ்வாணன், திலகவதி, பெரணமல்லூர்ப் பக்கம் பஸ் போகிற சாலையில் குடியிருக்கிற நெசவாளர்கள். அருள்மணி நின்றதைக் கவனிக்காமல் மாணிக்கவேலின் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனார்கள்.

"இதாங்க வூடு" என்றார் அருள்மணி. இடுப்பில் கயிற்றோடு நிற்கும் வீட்டுக்காரரைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

தமிழ்வாணன் போனில் போட்டோவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "போட்டோல வாசல்ல கல்லு இருந்துச்சே. அதை அடையாளம் வெச்சிதான் தேடிகினு வரோம்."

"நாங்க கேட்டதே அந்தக் கல்லு இருக்கிற வூடு வேணும்னுதான்" என்றாள் திலகவதி. "எங்கூட்டு முன்னாடி பாவு நீட்டினா பஸ்காரன் ஹாரன் அடிச்சே பேஜார் பண்றான். புழுதி வேற. பாவு நீட்ற தெருவுல, கல்லு பக்கத்துலயே ஒரு வூடுன்னுதான் ஓடியாந்தோம். கல்லு எங்கங்க?"

பச்சையை அவர்கள் பார்க்கவில்லை. டைல்ஸைப் பார்க்கவில்லை. மூன்று நிறமும் இத்தனை நாள் உயிரும் கொட்டிச் சிங்காரித்த வீட்டில், எதைப் பிடுங்கி எறிந்தாரோ அதை மட்டும் கேட்டார்கள். மாணிக்கவேலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இப்போதைக்கு நான்தாங்க கல்லு" என்றார்.

தமிழ்வாணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தார். "குடுங்க, நான் புடிக்கிறேன். நடுங்குது பாருங்க உங்களுக்கு."

கொடுத்திருக்கலாம். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டுதான் இருந்தன. மாணிக்கவேல் ஒருதரம் வாசல் வழியே உள்ளே பார்த்தார்.

"வேணாங்க. காயுறவரைக்கும் நானே நிக்கிறேன். நீங்க உள்ளாற போய் வூட்டைப் பாருங்க."

கன்னியம்மாள் "போதும், வுடு" என்று சொல்லும்வரை நின்றார். கயிற்றை அவிழ்த்ததும் அப்படியே புது டைல்ஸின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஓர் இழைகூடப் போகவில்லை. கன்னியம்மாள் பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "கல்லு வரணும்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழ்வாணனும் அதையேதான் சொன்னார். வீடு பிடித்திருக்கிறது, கல் அதே இடத்தில் நின்றால் பேசி முடித்துவிடலாம். அன்று பகலே மாணிக்கவேல் ஜெயச்சந்திரன் வீட்டுக்கு ஓடினார். அங்கே அவர் மனைவி அந்தக் கல்லில் ஜமுக்காளம் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். புதுத் துவைகல் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தபிறகுதான் விட்டாள். பதித்து இரண்டு நாள்கூட ஆகாத டைல்ஸை மாணிக்கவேலே சுத்தியலால் உடைத்தார். செவ்வாய்க்கிழமை கல் நின்றது. தெருக்காரர்கள் வந்து கிழக்கு மேற்கு பார்த்து, நூல் பிடித்து, நேராக்கிக் கெட்டித்தார்கள். புதன்கிழமை தமிழ்வாணனும் திலகவதியும் தாம்பூலத்தட்டோடு வந்தார்கள். ஆனி இருபத்தெட்டில் பத்திரம் என்று முடிவாயிற்று.

அவர்கள் போனபிறகு, மத்தியான வெயில் தணிந்த நேரம், மாணிக்கவேல் ஆதிலட்சுமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காலைக் குத்திடவில்லை. இரண்டு காலையும் நீட்டியிருந்தார். சொல்லவேண்டியது ஒன்று தை மாதத்திலிருந்தே பாக்கி இருந்தது.

"லட்சுமி. அன்னிக்கி களம்பூர்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா நின்னு பேசிகினு இருந்தேன்."

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"வேலன்னா நீங்க ஜல்தியா முடிச்சிட்டு வந்திருப்பீங்க. சும்மா இருந்தாதான் உங்களுக்கு லேட்டாவும்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். "ஞாயித்துக்கெயமை எவ்ளோ நேரம் நின்னீங்க தெரியுமா?"

"ரெண்டு மணி நேரம் இருக்குமா?"

"ஒண்ணே முக்கா. மணி பாத்துகினே இருந்தேன்." கூடத்துச் சுவரைக் காட்டினாள். ஆலையில் கொடுத்த கடிகாரம். "அன்னிக்கும் அதைத்தான் பாத்துகினு கெடந்தேன். பின்னாடி படிலேர்ந்து நல்லாத் தெரியும். அன்னிக்கு ரெண்டே கா மணி நேரம்."

மாணிக்கவேல் அவள் பாதத்தை மெல்லத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தெருக்கோடியில் களம்பூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்டாலே வழக்கமாக அவர் சட்டையைத் தேடுவார். இன்றைக்கு அவள் கால் மரத்துப்போய், எடுங்கள் என்று சொல்லும்வரை, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.